பச்சப்புள்ளைக்கு வலிக்காதா? டாக்டர்களைத் திருத்திய இந்திய டாக்டர்!

குற்றாலச் சாரல் பட்டாலே சிலிர்த்து வீறிடும் பச்சைக் குழந்தை. கத்தி பட்டால் வலிக்காதா?

‘வலிக்காது’ என்றே 1980-கள் வரை உலகில் பல டாக்டர்கள் நம்பினார்கள். ‘நரம்பு முதிரவில்லை’ என்றார்கள். மயக்க மருந்தால் உயிர் போய்விடும் என்ற பயம் வேறு! அசையாமல் இருக்க மருந்து, பேருக்கு லேசான மயக்கம், அதோடு ஆபரேஷன் நடந்தது.

இந்தூரில் படித்தவர்

இதை மாற்றியவர் டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த். மத்தியப்பிரதேசம் இந்தூரில் மருத்துவம் படித்து, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு சென்றவர். அங்கே ஆபரேஷன் ஆன 16 குறைமாதக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மட்டும் ‘பென்டனில்’ என்ற வலி மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அவர்கள் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன் குறைந்தது. பின்னால் வரும் சிக்கலும் குறைந்தது! 1987-ல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. மருத்துவ உலகமே விழித்துக்கொண்டது.

பெற்றோர் கவனத்துக்கு

தென்காசி வட்டாரத்தில் இருந்து பாளை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ, மதுரைக்கோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய், தகப்பன், “வலிக்கு என்ன கொடுக்கிறீங்க?” என்று தாராளமாகக் கேட்கலாம். முகச்சுளிப்பு, நாடித்துடிப்பு பார்த்து வலிக்கு மார்க் போடும் முறை இருக்கிறது. பாரசிட்டமால் உண்டு. கடும் வலிக்கு மார்பின் உண்டு. மார்பின் மூச்சைக் குறைக்கும் என்பதால் விடிய விடியக் கண்காணிப்பு தேவை. டாக்டர் சொல்லாமல் பால், தேன், சீனித்தண்ணி, கைமருந்து எதுவும் கூடாது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். மூச்சுக்குழாய் மாட்டிய பிள்ளை சத்தம் போட்டு அழவும் முடியாது. அதற்காகக் கேட்க வேண்டியது பெத்தவங்கதான்!