பயந்த கை தைக்காது

சங்கம் வந்தால் உற்பத்தி படுத்துவிடும் என்பார்கள் முதலாளிகள். திண்டுக்கல்லில் நடந்தது வேறு.

2021 ஜனவரியில் அங்கே ஆயத்த ஆடை ஆலையொன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஓயாமல் போராடியது. 2022 ஏப்ரலில் நிர்வாகமும் எச் அண்ட் எம் நிறுவனமும் சங்கத்தோடு கையெழுத்திட்டன. அதுதான் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’.

25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம், தொழிலாளர்களே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். டார்கெட் முடியவில்லை என்று சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால் புகார் கொடுக்க வழி வந்தது. கொடுத்தவரைப் பழிவாங்குவதை ஒப்பந்தம் தடுத்தது.

அதே ஆண்டு ஜூலையில், கட்டாய உழைப்பு என்று சொல்லி அந்த ஆலையின் ஆடைகளை அமெரிக்கா தடுத்தது. செப்டம்பரில் தடை விலகியது. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் ஆலைக்கே கைகொடுத்தது.

இதில் அதிசயமில்லை. திட்டு வாங்கி நடுங்கும் கை தைத்ததைப் பிரித்துத்தான் மறுபடி தைக்க வேண்டும். கழிப்பறைக்கு விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காதவர் நோயில் விழுவார். ஆள் நிற்காத ஆலையில் உற்பத்தி எப்படி உயரும்?

மாணவர்களே, காலையில் மில் வேனில் ஏறும் அக்காவிடம் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். சங்கம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.