பழைய டீசல் காரின் தன்னியக்கக் கியர்ப்பெட்டி: அறிகுறியும் காரணமும்

கியர் மாறும் ஒவ்வொரு தடவையும், பின்னாலிருந்து எவரோ உதைத்தாற்போலக் குலுங்கும் பழைய காரின் உரிமையாளர் பெரும்பாலும் கேட்க நேரும் தீர்ப்பு ஒன்றே: கியர்ப்பெட்டி பழுதாகிவிட்டது என்பதே அது. அதனைக் கழற்றிப் புதுக்கும் செலவு பல வேளைகளில் காரின் விற்பனைப் பெறுமதியையே எட்டிவிடுவதால், இன்னும் பல்லாண்டு ஓடக்கூடிய வாகனம் பழைய இரும்பாக விலைபோகின்றது. அறிகுறி தோன்றும் இடத்திலேயே காரணமும் இருத்தல் வேண்டும் என்னும் எடுகோளிலேயே இத்தீர்ப்புத் தங்கியுள்ளது. இவ்வெடுகோள் எவ்வளவு தூரம் பிழையாகலாம் என்பதை மேர்சிடிஸ் பென்ஸ் 300 டி என்னும் காரை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

மேற்கு ஜேர்மனியில் 1976இல் அறிமுகமான டபிள்யூ 123 வரிசையைச் சேர்ந்தது இக்கார். 1980களின் நடுப்பகுதி வரை இவ்வரிசையில் ஏறத்தாழ 27 இலட்சம் வாகனங்கள் உற்பத்தியாகின. ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சினும், நான்கு முன்கியர்களைக் கொண்ட தன்னியக்கக் கியர்ப்பெட்டியும் பொருந்திய கார்களே ஈண்டு எமது கவனத்துக்குரியவை. இக்கியர்ப்பெட்டியை ஆள்வதற்குக் கணினி எதுவுமில்லை. ஒயிலின் அமுக்கம், ஒரு கம்பியிணைப்பு, வெற்றிடம் ஆகிய மூன்றுமே அதனை இயக்குகின்றன.

இவற்றுள் வெற்றிடத்தின் பங்கு தனியே விளக்கப்பட வேண்டியது. கியர்ப்பெட்டியினுள் கிளச்சுத் தட்டுகளை இறுகப் பிடிப்பது ஒயிலமுக்கமே. எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது தட்டுகள் வழுக்காதிருக்க அமுக்கம் கூடுதலாக வேண்டும். மெதுவாகச் செல்லும்போது அதே அமுக்கம் இருப்பின் கியர் அடித்து விழும். ஆகவே எஞ்சினின் சுமையைக் கியர்ப்பெட்டிக்கு அறிவிக்கும் தூதொன்று அவசியமாகின்றது. பெற்றோல் எஞ்சினில் காற்று செல்லும் வழியை மறிக்கும் வால்வின் பின்னே இயல்பாகவே உறிஞ்சல் தோன்றுவதால், அதுவே தூதாகப் பயன்படுகின்றது. இந்த டீசல் எஞ்சினிலோ அத்தகைய வால்வு இல்லை. எரிபொருளின் அளவு மாத்திரமே கட்டுப்படுத்தப்படுகின்றது. எனவே எஞ்சினின் முன்புறத்தில் ஒரு வெற்றிடப் பம்பி பொருத்தப்பட்டுள்ளது. எரிபொருள் உட்செலுத்தும் பம்பியின் மேலுள்ள ஒரு கட்டுப்பாட்டு வால்வு, அக்சிலரேற்றர் மிதியின் நிலைக்கேற்ப அவ்வெற்றிடத்தைக் கூட்டியும் குறைத்தும், மொடுலேற்றர் என வழங்கும் அமுக்கச் சீராக்கிக்கு அனுப்புகின்றது.

வெற்றிடம் மிகுந்தால் ஒயிலமுக்கம் தணிந்து கியர் மென்மையாக மாறும். வெற்றிடம் அற்றுப்போனால், முழுச் சுமையிலும் எஞ்சின் உழைப்பதாகவே சீராக்கி கொள்ளும், அமுக்கம் உச்சத்துக்கு உயரும், கியர் உதைக்கும். இந்நிலையில் கியர்ப்பெட்டி தனக்குக் கிடைத்த செய்திக்கு ஏற்பவே சரியாக இயங்குகின்றது. பிழை செய்தியில் உள்ளது.

அப்பம்பி கியர்ப்பெட்டிக்கு மாத்திரம் பணிபுரிவதன்று என்பது முக்கியமாக மனங்கொள்ளத்தக்கது. பிரேக்கின் துணைவிசையும், சாவியைத் திருப்பியதும் எஞ்சினை நிறுத்தும் அமைப்பும், மத்திய பூட்டு பொருத்தப்பட்ட கார்களில் கதவுகளின் பூட்டுகளும் அதே வெற்றிடத்திலேயே தங்கியுள்ளன. ஆகவே பின்கதவினுள் கிழிந்த ஓர் இறப்பர்ச் சவ்வு, கியரின் உதைப்பாக வெளிப்படுதல் கூடும். பகுதியை முழுமையிலிருந்து பிரித்து நோக்குபவர் இத்தொடர்பைக் காணமாட்டார்.

இனி, சோதனையின் ஒழுங்கை நோக்குவோம். எஞ்சினை நிறுத்தும்போது அது உடன் நிற்காது சில கணங்கள் ஓடினால், அல்லது கதவுகள் ஒருங்கே பூட்டாவிடில், வெற்றிடம் கசிகின்றது எனச் சந்தேகிக்கலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அடுத்து, சூடேறிய எஞ்சினை ஓடவிட்டு, கியர்த்தண்டைத் தரிப்பு நிலையில் வைத்து, கியர் ஒயிலின் மட்டத்தையும் நிறத்தையும் பார்த்தல் வேண்டும். ஒயில் கறுத்துக் கருகல் மணம் வீசினால் உட்தேய்வு உண்டெனக் கொள்ள இடமுண்டு. சீராக்கியிலிருந்து வெற்றிடக் குழாயைக் கழற்றும்போது அதனுள் சிவந்த கியர் ஒயில் காணப்பட்டால், சீராக்கியின் சவ்வே கிழிந்துள்ளது. குழாய் உலர்ந்திருந்தால் வெற்றிடமானியைப் பொருத்தி அளத்தல் வேண்டும். பம்பியில் 20 அங்குலப் பாதரசத்துக்கு மேலும், எஞ்சின் வெறுமனே ஓடுகையில் சீராக்கியருகே 10 முதல் 15 அங்குலம் வரையும் காட்டி, மிதியை அழுத்த அழுத்த அது குறைந்து செல்லவேண்டும். பம்பியில் அளவு சரியாயிருந்து சீராக்கியருகே இல்லையெனில், கிளைக்குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்கலாம். எக்கிளையை அடைத்ததும் அளவு மீள்கின்றதோ, அக்கிளையிலேயே கசிவு உண்டு. காலப்போக்கில் இறுகி வெடித்த சிறு இறப்பர் இணைப்புகளே பெரும்பாலும் அங்கே காணப்படும்.

வெற்றிடம் முற்றிலும் சரியாக இருப்பின் எஞ்சின் தாங்கிகளையும் சுழல்தண்டின் இறப்பர் இணைப்புத் தட்டுகளையும் சோதித்தல் வேண்டும். அவை தேய்ந்தாலும் இதே குலுக்கம் தோன்றும். கியர் மாறும் வேகம் பிழைத்தல் வேறொரு குறை. அங்கே முதலிற் பார்க்கவேண்டியது கம்பியிணைப்பை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். சீராக்கியிலுள்ள திருகைத் திருப்பி ஒயிலமுக்கத்தைக் குறைத்துவிட்டால் உதைப்பு மறைந்துவிடும், வாகனக்காரரும் திருப்தியடைவார். கசிவோ அப்படியே இருக்கும். அமுக்கம் அளவுக்கு மீறிக் குறைந்த தட்டுகள் சுமையின்போது வழுக்கித் தேய்ந்து கருகும். முதலில் பொய்யாகக் கூறப்பட்ட தீர்ப்பு இவ்வாறு உண்மையாகிவிடும்.

இச்சோதனைகளுக்குத் தேவைப்படுவது சில மணிநேரமும் ஒரு மானியும், அமைப்பின் முழுமையைத் தெரிந்த தொழிலாளியின் அறிவுமேயாகும். ஆயினும், கழற்றி மாற்றும் உதிரிப்பாகத்துக்கு விலை குறிக்கும் சந்தை, காரணத்தைத் தேடிக் கண்டறியும் உழைப்புக்கு எளிதில் விலை குறிப்பதில்லை. கூட்டை மாற்றினால் பட்டியலில் பெருந்தொகை எழுதலாம். இறப்பர் இணைப்புக்கு எழுதக்கூடியது சில்லறையே. எனவே பிழையான தீர்ப்புக்கு அறியாமை மாத்திரம் காரணமன்று. அத்தீர்ப்பு இலாபகரமானது என்பதும் காரணமாகும். கியர்ப்பெட்டியைக் கழற்ற இணங்குமுன் வெற்றிடம் அளக்கப்பட்டதா என வினவும் உரிமையாளரும், அளந்துகாட்டும் தொழிலாளியின் நேரத்துக்கு உரிய கூலியை மறுக்காத உரிமையாளரும் ஒருவராகவே இருத்தல் வேண்டும். அன்றேல், அவ்வறிவு பட்டறைகளில் நிலைத்திருப்பதற்கு வழியில்லை.