ப்ளக் மேல் அமர்ந்த காயில்

சிக்னலில் நிற்கும் பெட்ரோல் கார் லேசாக உதறுகிறது. பச்சை விழுந்ததும் மிதித்தால் பிக்கப் இல்லை. மீட்டருக்குள் செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "மிஸ்ஸிங் அடிக்குது சார், காயில் போயிருக்கும்" என்பார்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பது அதன் பொருள். புதுக் காயில் போட்டதும் வண்டி சீராகிவிடும். சில மாதத்தில் அதே சிலிண்டரின் காயில் மறுபடி போனால், முதல் காயில் ஏன் போனது என்று யாரும் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பேட்டரி தருவது 12 வோல்ட். சிலிண்டருக்குள் பொறி விடும் ஸ்பார்க் ப்ளக்கின் முனையில் உள்ள இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அழுத்தி நெருக்கப்பட்ட காற்று, பெட்ரோல் கலவைக்குள் அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய 20,000 வோல்ட்கூடத் தேவைப்படலாம். அந்த ஏற்றத்தைத் தருவது காயில். அதற்குள் இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு செப்புச் சுருள்கள் உண்டு. ஒன்று தடித்த கம்பி, சுற்றுகள் குறைவு. மற்றது முடியைப் போல மெல்லிய கம்பி, சுற்றுகள் பல ஆயிரம். தடித்த சுருளில் சில மில்லிவினாடிகள் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் எழுகிறது. அந்த மின்சாரத்தைச் சட்டென்று வெட்டியதும் புலம் சரிகிறது. அந்தச் சரிவு மெல்லிய சுருளில் உயர் மின்னழுத்தத்தை எழுப்புகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல்தான் இது.

1910ஆம் ஆண்டு காடிலாக் கார்களுக்கு சார்லஸ் கெட்டரிங் அமைத்த பேட்டரி இக்னிஷன் முறைதான் பல பத்தாண்டுகளுக்கு உலகக் கார்களை ஓட்டியது. எல்லா சிலிண்டருக்கும் ஒரே காயில். பொறியை முறைவைத்துப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு மின்சாரத்தை வெட்டும் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்ததும், மழையில் நனைந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துணியால் துடைத்ததும் நினைவிருக்கும். 1980களில் ஸ்வீடனின் சாப் நிறுவனம் ஒவ்வொரு ப்ளக்கின் தலையிலும் ஒரு காயிலை நேராக அமர்த்தியது. இன்று அதுவே பெரும்பாலான பெட்ரோல் கார்களின் முறை. எந்த நொடியில் பொறி விழ வேண்டும் என்பதை இசியு என்ற கணினி தீர்மானிக்கிறது. தேய்கிற பாயிண்ட் இல்லை, நீண்ட வயர்கள் இல்லை. ஆனால் காயில் இப்போது என்ஜினின் தலைமேலேயே, அதன் சூட்டிலும் அதிர்விலும் வாழ்கிறது.

சூட்டைத் தாங்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். பெரும்பாலும் அதைக் கொல்வது கீழே இருக்கும் ப்ளக். சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு 2,000 சுழற்சி என்று கணக்கிட்டால், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒவ்வொரு ப்ளக்கும் 12 கோடி முறை பொறி விட்டிருக்கும். ஒவ்வொரு பொறியும் முனை உலோகத்தைத் துளித்துளியாக அரிக்கிறது, இடைவெளி அகல்கிறது. அகன்ற இடைவெளியைத் தாண்ட காயில் இன்னும் அதிக வோல்ட்டுக்கு ஏற வேண்டும். அந்த அழுத்தம் நாள்தோறும் உள்ளே இருக்கும் மின்காப்பைத் தாக்குகிறது. ஒருநாள் காப்பு ஓட்டையாகிறது. பிறகு மின்சாரம் ப்ளக் முனைக்குப் போகாமல் பக்கத்து இரும்பில் இறங்கிவிடுகிறது.

வேறு எதிரிகளும் உண்டு. வால்வு கவர் கேஸ்கெட் கசிந்தால் ஆயில் ப்ளக் குழிக்குள் இறங்கி, காயிலின் ரப்பர் உறையை ஊறவைத்துக் கெடுக்கும். என்ஜினைப் பிரஷர் தண்ணீரில் கழுவினால் அதே குழியில் நீர் தேங்கும்.

எந்தக் காயில் கெட்டது என்று அறிவது எளிது. ஸ்கேனர் பி0302 என்று காட்டினால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். குறியீடும் பி0303 ஆக மாறினால் கோளாறு காயிலில். மாறாமல் நின்றால் ப்ளக், வயர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். பழைய வண்டியில் செய்ததுபோல என்ஜின் ஓடும்போது காயில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவே கூடாது. கையில் ஷாக் அடிக்கும். போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலையே உடைக்கும்.

கழற்றும் வேலை என்ஜின் ஆறிய பிறகுதான். கனெக்டரின் பூட்டை அழுத்தி விடுவித்து, போல்ட்டை எடுத்து, காயிலை லேசாகத் திருகி மேலே இழுக்க வேண்டும். ப்ளக்கைத் தொடுமுன் குழியைக் காற்றால் ஊதிவிட்டால் மண் சிலிண்டருக்குள் விழாது. புது ப்ளக்கை முதலில் கையால் திருகி ஏற்றி, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இரிடியம் ப்ளக்கின் முனையைத் தட்டி இடைவெளியைச் சரிசெய்ய முயலாதீர்கள். மெல்லிய முனை உடைந்துவிடும்.

செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டுவதைத் தொடராதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, அதன் உட்புறத்தை உருக்கும். அதன் விலை காயிலைவிடப் பல மடங்கு.

காயில் போனது என்று யார் சொன்னாலும், புதியதை வாங்குமுன் அதன் கீழிருந்த ப்ளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். முனை மழுங்கியிருந்தால் மாற்றும் காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஆயில் படிந்திருந்தால் கேஸ்கெட் கசிகிறது. வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கிழித்தாற்போல் கருங்கோடு தெரிந்தால், மின்சாரம் அந்த வழியே ஒழுகியிருக்கிறது. அந்தக் காரணத்தைச் சரிசெய்த பிறகு புதுக் காயிலைப் போடுங்கள்.