மூளைக்குக் கட்டுப் போட முடியுமா?

திருப்பதியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். புத்தூரில் ஒரு பையன் ஏறி எதிரே உட்கார்ந்தான். வலது கையில் புத்தூர் கட்டு: பச்சிலை வாசனை, துணிச்சுற்று, மூங்கில் தப்பை.

"மாமா, எங்க பெரியப்பாவுக்கு அம்பது வயசுதான். எங்க பேரெல்லாம் மறந்துடுறாரு. அல்சைமரா இருக்கலாம்னு சொல்றாங்க. அவரு மூளைக்கு இப்படி ஒரு கட்டு இருக்கா?"

நான் பதிலைத் தொடங்கும்போதே திருத்தணி வந்துவிட்டது. இறங்கிவிட்டான். தம்பி, மீதியை இங்கே எழுதுகிறேன்.

உன் எலும்பை ஒட்டவைப்பது கட்டு அல்ல. கட்டு அசையாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முறிந்த இடத்தில் புதுச் செல்கள் வளர்ந்து எலும்பு தானே கூடுகிறது. மூளையின் நரம்புச் செல்களுக்கு அந்த வசதி இல்லை. ஒன்று செத்தால், அந்த இடத்தில் பெரும்பாலும் இன்னொன்று முளைப்பதில்லை. அதனால் மூளையில் வந்தபின் சரிசெய்வதைவிட வருமுன் தடுப்பதே பெரிய வேலை.

1901இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் மறதி வந்த 51 வயதுப் பெண் ஒருவரை அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் சந்தித்தார். அந்த அம்மா இறந்தபின் அவர் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்களுக்கு வெளியே புரதக் கட்டிகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் தெரிந்தன. கட்டிகள் அமிலாய்ட், இழைகள் டௌ.

65 வயதுக்கு முன்பே அல்சைமர் நோய் வருவது அரிது. அதிலும் மரபணுவின் ஒரே ஒரு பிழையால் வருவது மிக அரிது. அந்தப் பிழை அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்தால், பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி, நாணயம் சுண்டுவது போல.

கொலம்பியா நாட்டில் மலையூர்க் குடும்பங்கள் பல இந்தப் பிழையைச் சுமக்கின்றன. பிரான்சிஸ்கோ லொபேரா என்ற மருத்துவர் 1980களிலிருந்து அவர்கள் வீடுகளுக்கு நடந்தார். அங்கே பிழை உள்ளவர்களுக்கு நாற்பதுகளிலேயே மறதி தொடங்கிவிடும். ஆனால் ஒரு அம்மா மட்டும் எழுபது வயதுவரை தெளிவாக இருந்தார்! படம் எடுத்துப் பார்த்தால் மூளை நிறைய அமிலாய்ட். டௌ மட்டும் மிகக் குறைவு. அவரிடம் இன்னொரு அரிய மரபணு மாற்றம், அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ஒவ்வொன்றாக, இரட்டையாக வந்திருந்தது. அதுவே அவரைக் காத்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் 2019இல் எழுதினார்கள். ஒரு பிழையின் கையை இன்னொரு மாற்றம் பிடித்து நிறுத்துகிறது! இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, மருந்து? அதே குடும்பங்களில், நோய் வருமுன்பே ஒரு மருந்தைப் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு, பெரிய பலனில்லை. ஆனால் வேறொரு மருந்தை இதே மாதிரிக் குடும்பங்களில் சிலர், அறிகுறி தோன்றுமுன்பே தொடங்கி, சராசரியாக எட்டு ஆண்டுகள் எடுத்தார்கள். அவர்களுக்கு நோய் தொடங்கும் ஆபத்து ஏறக்குறையப் பாதியானது என்று 2025இல் செய்தி வந்தது. அவர்கள் சுமார் இருபது பேர்தான். ஆகவே 'தடுத்துவிட்டோம்' என்று இன்னும் யாரும் சொல்ல முடியாது. தள்ளிப்போட முடியும்போல் தெரிகிறது. ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஆண்டு தள்ளிப்போனால் அது எவ்வளவு பெரிது, நீயே யோசித்துப் பார்.

உன் பெரியப்பாவை முதலில் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல். பி12 சத்துக் குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். அவை பெரும்பாலும் மருந்தில் சரியாகும்.

மறதியைப் பற்றிய ஆய்வு நம் பக்கத்திலும் நடக்கிறது: சித்தூர் மாவட்டத்தை ஒட்டிய கோலார் மாவட்டத்தில், ஸ்ரீநிவாசபுரம் பக்கத்துக் கிராமங்களில், பெங்களூரின் மூளை ஆய்வு மையத்தார் 45 வயதைத் தாண்டியவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். நினைவைச் சோதிக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், மூளையைப் படம் பிடிக்கிறார்கள். அந்தக் கொலம்பிய அம்மாவைப் போல ஒருவர் அங்கேயும் இருக்கக்கூடும், தன் மூளைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல், களத்துமேட்டில் ராகி புடைத்துக்கொண்டு.