வெட்டி வளர்க்கும் காடு

மேற்கு லண்டனில் சிஸ்விக் பார்க் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன வாசல். உள்ளே பிர்ச், வில்லோ மரங்கள், ஒரு குளம், கொஞ்சம் புல்வெளி. கன்னர்ஸ்பரி டிரையாங்கிள் என்று பெயர். ஏறத்தாழ 6 ஏக்கர். ரயில் பாதைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட முக்கோண நிலம். கேட்பாரற்றுக் கிடந்ததால் தானாகக் காடானது. 1980களின் தொடக்கத்தில் இங்கே கட்டடங்கள் எழுப்பத் திட்டம் வந்தபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்து நின்றார்கள். 1983இல் நடந்த பொது விசாரணையில் வென்றும்விட்டார்கள். 1985 முதல் லண்டன் வைல்ட்லைஃப் டிரஸ்ட் இதைப் பார்த்துக்கொள்கிறது. கைவேலையில் பெரும்பகுதி தன்னார்வலர்களுடையது.

தானாக முளைத்த காட்டுக்கு ஆள் எதற்கு? சும்மா விட்டால் புல்வெளியில் முதலில் முட்புதர் ஏறும். பின்னாலேயே பிர்ச் கன்றுகள் வரும். சில பத்தாண்டுகளில் நிழல் மூடிவிட்டால் வெயில் தேடும் பட்டாம்பூச்சிக்கு அங்கே வேலையில்லை. குளமும் அப்படித்தான்: விழுந்த இலை மக்கிச் சேறாகி, கரைச் செடிகள் நெருங்கி, கடைசியில் தரையாகிவிடும். பெருங்காட்டில் ஒரு குளம் தூர்ந்தால் வேறெங்காவது இன்னொன்று இருக்கும். 6 ஏக்கரில் அதற்கு வழியில்லை. ஆகவே இங்கே காப்பது என்றால் பாதிக்கு மேல் வெட்டுவதுதான்.

நமக்கு விசித்திரமாகத் தோன்றக்கூடியது புல்வெளி வேலை. காட்டுப்பூக்கள் வேண்டுமென்றால் எரு போடக் கூடாது! மண் கொழுத்தால் முரட்டுப் புல் எழும்பிப் பூச்செடிகளை அமுக்கிவிடும். அதனால் கோடை முடிவில் புல்லை அறுத்து, விதை உதிர இரண்டொரு நாள் காயவிட்டு, மிச்சமில்லாமல் வாரி அப்புறப்படுத்த வேண்டும். ஆண்டுக்காண்டு மண் மெலியும். பிரிட்டனில் இத்தகைய புல்வெளிகள் பலவற்றில் எல்லோ ராட்டில் என்ற மஞ்சள் பூச்செடியையும் விதைக்கிறார்கள். அது புல்லின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சி, புல்லைச் சோர்வாக்கும். நம் சோளக்கொல்லையில் உழவர்கள் சபிக்கும் சுடுமல்லியும் இதே குடும்பம்தான். அங்கேயோ எல்லோ ராட்டில் விதையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மரம் வெட்டக் குளிர்காலம்தான் தோது. மார்ச்சிலிருந்து பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும். குளத்துப் பாசியை வாரினால் கரையிலேயே ஓரிரு நாள் போட்டுவைப்பது வழக்கம். ஒட்டிக்கொண்டு வந்த நத்தையும் தட்டானின் இளம்பூச்சியும் மறுபடி நீருக்குள் இறங்க வேண்டுமே.

வெட்டிய கட்டையைத் தூக்கி எறிவதில்லை. லண்டனில் ஸ்டேக் பீட்டில் என்றொரு பெரிய வண்டு உண்டு. ஆணுக்கு மான்கொம்புபோல் தாடை. இதன் புழு மண்ணுக்கடியில் மக்கும் மரத்தைத் தின்று 3 முதல் 7 ஆண்டுகள் வளரும். வண்டாக வெளிவந்தபின் சில வாரங்களே ஆயுள். இதற்காகவே நகரத் தோட்டங்களில் கட்டைகளைப் பாதி புதைத்து அடுக்குகிறார்கள். ஒழுங்குபடுத்துகிறேன் என்று பிறகு அதைக் கலைத்தால் புழுவுக்குச் சாவுதான். அதனால் பழைய கட்டையில் யாரும் கை வைப்பதில்லை. பக்கத்தில் புதிய கட்டையைச் சேர்ப்பதோடு சரி.