கடைக்கு மென்பொருள்: பி.எச்.பி.யா, பைத்தனா, ஜாவாஸ்கிரிப்டா?

கடன் கொப்பியை மூடிவிட்டுக் கணினிக்கு மாற எண்ணும் வியாபாரிகள் இன்று மூதூரிலும் தோப்பூரிலும் கிண்ணியாவிலும் இருக்கிறார்கள். மென்பொருள் செய்து தரும் இளைஞர்களிடம் விசாரித்தால் ஒருவர் பி.எச்.பி.யில் செய்யலாம் என்பார். அடுத்தவர் பைத்தன்தான் சிறந்தது என்பார். மூன்றாமவர் இரண்டும் பழசு, ஜாவாஸ்கிரிப்டில் செய்வோம் என்பார். மூவரும் ஒத்துப்போகும் விடயம் ஒன்றுதான்: “எல்லாம் ஓப்பன் சோர்ஸ், அதற்குக் காசில்லை.” காசு கொடுக்கப்போகும் முதலாளிக்கோ எதைத் தெரிவுசெய்வது என்று விளங்காது.

இந்த மூன்றும் ஸ்கிரிப்ட் மொழிகள் எனப்படுபவை. முன்பு கடைகளில் ஓடிய மென்பொருள்கள் பலவும் மூடி முத்திரையிட்ட பெட்டி போன்றவை. செய்தவர் ஊரை விட்டுப் போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று மற்றவர் பார்க்க முடியாது. ஸ்கிரிப்ட் மொழியில் எழுதியவர் எழுதிய எழுத்தே ஓடுகிறது. அதை இன்னொருவர் திறந்து படித்துத் திருத்தலாம். செய்பவர் வேண்டுமென்றே பூட்டிக் கொடுத்தாலன்றி இந்த வசதி உங்களுக்கு உண்டு. பி.எச்.பி.யில் அப்படிப் பூட்டுவதற்கென்றே அயன்கியூப் என்ற கருவி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மொழிகளை ஒப்பிட நமது நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்ய, இலங்கையின் கணினித் துறைத் தொண்டர்கள் சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அதன் பெயர் சஹன. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதற்கு இடம் கொடுத்தது. அவர்கள் எடுத்த மொழி பி.எச்.பி.; தரவுகளை வைக்க மைசீக்வல். பி.எச்.பி. தெரிந்தவர்கள் அதிகம், மலிவான கணினியிலும் ஓடும். அவசர வேலைக்கு அதுவே பொருத்தம். அந்த மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். சஹன ஈடன் என்ற புதிய பதிப்பைப் பைத்தனில், வெப்2பை என்ற சட்டகத்தின் மேல் எழுதினார்கள். 2010 ஹெயிட்டி பூகம்பத்தின்போது அது பயன்பட்டது. வெப்2பையில் தரவு அட்டவணையை ஒருமுறை விவரித்தால் அதற்கான படிவத்தை அதுவே ஆக்கித் தரும். தேவைகள் நாளுக்கு நாள் மாறும் இடத்தில் இது பெரிய லாபம். ஒரு மொழி மட்டம், மற்றது உயர்வு என்று இதைக் கொள்ளக்கூடாது. வேலை மாறியது, கருவி மாறியது. மாற்ற முடிந்ததற்குக் காரணம், மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்தமையே.

இனி நமது கடைக்கு வருவோம். மொழியைவிட, அதனோடு சேர்த்து எடுக்கும் நூலகங்களில்தான் வித்தியாசம் தெரியும். நூலகம் என்பது வேறொருவர் எழுதிப் பொதுவில் வைத்த ஆயத்த நிரல். பி.எச்.பி.க்குக் கொம்போசர், பைத்தனுக்குப் பிப், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்.பி.எம். ஆகியவை அவற்றை இறக்கித் தரும் கருவிகள்.

தமிழில் பில் அடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கொ’ என்று அச்சிட ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும். எழுத்துகளை இப்படி ஒழுங்குபடுத்தத் தெரியாத நூலகம் கொம்பை இடம் மாற்றி அடித்துவிடும். பி.எச்.பி.யில் பலரும் எடுக்கும் டீசிபிடிஎப் யூனிகோட் எழுத்துகளை ஏற்கும், ஆனால் இந்த ஒழுங்கு அதற்கு வராது. எம்பிடிஎப் என்ற நூலகத்துக்கு வரும், அதற்கான அமைப்பை முடுக்கிவிட வேண்டும். பைத்தனில் ரிப்போர்ட்லாப் நெடுங்காலம் இதில் பின்தங்கியே இருந்தது. வீசிபிரின்ட் சரியாகச் செய்யும். ஜாவாஸ்கிரிப்டில் பப்பெட்டியர் என்ற கருவி குரோம் உலாவியைக் கொண்டே அச்சிடுவதால், திரையில் தமிழ் எப்படித் தெரிகிறதோ அப்படியே தாளிலும் வரும்.

சுருள் தாளில் பில் அடிக்கும் சிறிய பிறின்டரின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. பி.எச்.பி.க்கும் பைத்தனுக்கும் ஈஎஸ்சி-பொஸ் நூலகங்கள் உண்டு. இரண்டிலும் தமிழை ஒரு படமாக மாற்றித்தான் அனுப்பவேண்டும். அப்போது பில் சற்று மெதுவாக வரும். நோன்புப் பெருநாள் இரவில் கடையில் சனம் நிற்கும்போது அந்த மெதுவே எரிச்சலாகிவிடும். பொருளின் பெயரை ஆங்கிலத்தில் அடித்துவிட்டுப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். பில்லைப் படிக்க வேண்டியவர் வாடிக்கையாளர் அல்லவா?

அடுத்தது கணக்கு. ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பைத்தனும் பி.எச்.பி.யும் தசமங்களை வைத்திருக்கும் சாதாரண முறையிலும் இதே வழு உண்டு. பைத்தனில் டெசிமல் என்ற பகுதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. பி.எச்.பி.யில் பிசிமத் இருக்கிறது. எளிய வழி, ரூபாயை விட்டுச் சதங்களாக முழு எண்ணில் வைப்பது. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை கேட்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதைச் சிறிய விடயம் என்று தள்ளக்கூடாது. செய்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: பணத்தை எப்படி வைக்கிறீர்கள்?

ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் எனக்குள்ள தயக்கம் நூலகங்களின் எண்ணிக்கை பற்றியது. அங்கே ஒரு நூலகம் இன்னும் பத்தை இழுக்கும், அவை நூறை இழுக்கும். 2016 மார்ச்சில் லெப்ட்பேட் என்ற 11 வரி நிரலை எழுதியவர் அதை விலக்கிக்கொண்டதும் உலகெங்கும் பல மென்பொருள்களைக் கட்டியெழுப்பும் வேலை நின்றது. 2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற நூலகத்தின் பொறுப்பு ஒரு புதியவர் கைக்கு மாறி, பிட்கொயின் திருடும் நிரல் அதற்குள் புகுத்தப்பட்டது. மற்ற இரண்டு மொழிகளிலும் இப்படி நடக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பைத்தனோடு வரும் சொந்தச் சாமான்களே நிறைய. வெளியே கை நீட்டும் தேவை குறைவு.

வயதும் பார்க்கவேண்டும். 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7, மைசீக்வலோடு பேசும் பழைய கட்டளைகளை அடியோடு நீக்கியது. அந்தக் கட்டளைகளில் எழுதிய மென்பொருள் புதிய சேர்வரில் ஓடாது. பைத்தன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்தது. இன்று பி.எச்.பி.யில் லாராவெல் சட்டகத்தின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் இரண்டு வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கிறது. பைத்தனில் ஜாங்கோ சட்டகத்தின் நீண்டகாலப் பதிப்புக்கு மூன்று வருடம். மென்பொருளுக்கும் வண்டியைப் போல சேர்விஸ் உண்டு, அதற்கான செலவை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

புதிதாக எழுதத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். ஒன்லைனில் விற்க மட்டுமென்றால் பி.எச்.பி.யில் அமைந்த வூகொமர்ஸ் போதும். இருப்பு, கடன், கொள்வனவு எல்லாம் வேண்டுமென்றால் பைத்தனில் எழுதப்பட்ட ஓடூவின் சமூகப் பதிப்பு, மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் இரண்டையும் பாருங்கள். ஒற்றைக் கடைக்கு இவை சற்றுப் பாரம்தான். மூதூரில் ஒரு கடையும் திருகோணமலையில் ஒரு களஞ்சியமும் வைத்திருப்பவருக்கு ஏற்றவை. சிறிய கடைக்கு என் தெரிவு பி.எச்.பி.யும் லாராவெலும். செய்தவர் கட்டாருக்குப் போய்விட்டாலும் அடுத்த ஊரில் பி.எச்.பி. தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது இலகு.

எந்த மொழியானாலும் ஒப்பந்தத்தில் இரண்டு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள். மூலநிரல் முழுவதும் பூட்டின்றி உங்கள் கைக்கு வரவேண்டும். நூலகங்கள் திறந்த மூலம் என்பதால் அவற்றின் மேல் அவர் எழுதியதும் தானாகவே உங்களுடையதாகிவிடாது. அடுத்து, தரவின் பிரதி தினமும் கடைக்கு வெளியே போய்ச் சேரவேண்டும். 2004இல் கடல் வந்தபோதும், 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோதும், கடன் கொப்பியைத் தேடி எடுக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. கடனை எழுதிவைக்கும்படி சூறா பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதியது கடையிலுள்ள ஒரே கணினியில் மட்டும் இருந்தால் ஒரு வெள்ளத்துக்கே அது போய்விடும்.

முற்பணம் கொடுக்குமுன், உங்கள் பிறின்டரிலேயே ‘கொத்தமல்லி 250 கிராம், தேங்காயெண்ணெய் 1 போத்தல்’ என்று ஒரு பில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுந்தால் மிச்சத்தைப் பேசலாம்.