கருப்புக் காரும் உப்பு நீரும்

கருப்பு சனிக்குரிய நிறம், வெயிலை ஈர்க்கும் நிறம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனாலும், கருப்புக் காரை விரும்பி வாங்குவோரைத் திண்டுக்கல் வீதிகளில் இன்று காண முடிகிறது. முதல் மாதத்தில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் அந்தக் கார், ஓராண்டுக்குள் சிலந்தி வலை படர்ந்ததுபோல மங்கிவிடுவதும் உண்டு. உடனே வண்ணப்பூச்சு தரமற்றது என்று உற்பத்தியாளரைக் குறை கூறுகிறோம். பெரும்பாலான நேரங்களில் காரணம், நாம் துடைக்கும் துணியும் கழுவும் நீருமே என்பது என் கருத்து.

காரின் உலோகத் தகட்டின் மீது துருத் தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு ஆகியவையும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சும் இருக்கின்றன. நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். தெளிபூச்சு மட்டும் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். சராசரித் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காரின் பளபளப்பு இந்த மெல்லிய அடுக்கை நம்பியே இருக்கிறது. இதில் விழும் நுண்கீறல்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. வெள்ளைக் காரில் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கருப்பில் ஒவ்வொரு கீறலும் வெள்ளிக் கம்பிபோல மின்னுகிறது. கருப்புக் கார் மற்ற கார்களைவிட அதிகம் கீறப்படுவதில்லை. கீறலை அதிகம் காட்டிக் கொடுக்கிறது.

கீறுவது எது? மழை குறைந்த சமவெளியின் தூசிதான். தூசியில் கலந்துள்ள குவார்ட்ஸ் மணல் துகள், சாதாரண எஃகைவிடவும் கடினமானது. காலையில் ஒரு வாளி நீரில் ஒரே துணியை நனைத்துப் பிழிந்து கார் முழுவதையும் துடைப்பது நம் ஊர்களில் அன்றாடக் காட்சி. இரண்டாவது கதவுக்கு வரும்போது அந்தத் துணி உப்புத்தாளாக மாறிவிடுகிறது. உலர்ந்த தூசியைப் பஞ்சுத் துடைப்பத்தால் தட்டுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. அன்றாடம் துடைப்பதைக் கைவிடுவதே முதல் பராமரிப்பு. அதற்குச் செலவே இல்லை.

அடுத்தது நீர். திண்டுக்கல்லின் நிலத்தடி நீர் பல பகுதிகளில் கடினமானது. தோல் பதனிடும் தொழிற்கூடங்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் கழிவுநீரின் உப்பும் சேர்ந்துகொண்டது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 600 என்ற அளவில், 15 லிட்டர் வாளியில் 9 கிராம் சுண்ணாம்பு உப்பு கரைந்திருக்கும். வெயிலில் காய்ந்த காரின் மீது இந்த நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் வட்ட வட்டமாகத் தங்குகிறது. நாளடைவில் அது தெளிபூச்சையே அரித்துத் தழும்பாகிவிடும்.

வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் நீரை வீணாக்காமல் கார் கழுவப் பயன்படுத்துவோர் பலர். நோக்கம் நல்லது, ஆனால், அந்த நீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். அதைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்வதே சரி. காருக்கு ஏற்றது மழைநீர். தமிழகத்தில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மண்ணுக்குள் இறங்கிய பின் அந்த நீர் உப்பை ஏற்றுக்கொள்ளும். கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து வைத்தாலோ மென்னீராகவே இருக்கும். இறுதி அலசலுக்கு அதில் ஒரு வாளி போதும்.

இனி, எவற்றை வாங்கலாம்? அமில, காரத் தன்மையற்ற கார் ஷாம்பு ஒன்று. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது மேலிட்ட மெழுகையும் கழுவிவிடும். தடித்த மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, துவட்டுவதற்குத் துண்டுகள் இரண்டு, வாளிகள் இரண்டு. ஒரு வாளியில் ஷாம்பு, மற்றொன்றில் கையுறையை அலசுவதற்கான வெறும் நீர். முதலில் நீர் பாய்ச்சித் தூசியை இறக்கிவிட்டு, நிழலில், மேலிருந்து கீழாகக் கழுவி உடனே துவட்ட வேண்டும்.

பாதுகாப்புப் பூச்சில் மூன்று வகைகள் உண்டு. பிரேசில் நாட்டுப் பனையிலிருந்து கிடைக்கும் கர்னாபா மெழுகு கருப்புக்கு ஆழமான பொலிவு தரும். நம் வெயிலில் சில வாரங்களே தாங்கும். செயற்கைப் பாலிமர் பூச்சு சில மாதங்கள் நிற்கும். சிலிக்கா சார்ந்த செராமிக் பூச்சு ஆண்டுக் கணக்கில் உழைக்கும், விலையும் அதிகம். சொந்தமாகப் பராமரிப்போருக்குப் பாலிமர் பூச்சே போதும் என்பேன்.

விளம்பரங்களில் வரும் ‘9ஹெச்’ என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்தை 10 எனக் கொள்ளும் கனிமக் கடினத்தன்மை அளவு அன்று. செராமிக் பூசிய காரையும் மணல் கீறும். ‘டெஃப்லான்’ என்ற பெயரிலும் மயங்க வேண்டாம். சமையல் சட்டியில் அப்பொருள் உருகிப் படிய 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்ற வேண்டும். காரின் மீது அது இயலாது. புதிய காருக்கு பாலிஷ் தேவையா என்றும் கேட்க வேண்டும். பாலிஷ் என்பது மெழுகு அன்று. தெளிபூச்சை நுண்ணிய அளவில் தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்ப வராது.

பூசைக்கும் ஒரு சொல். காரின் முகப்பில் இட்ட சந்தனமும் குங்குமமும் வெயிலில் நாள்கணக்கில் காய்ந்தால் கறையாகிவிடும். அன்று மாலையே நீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவலாம். உலர்ந்த திருநீற்றைத் தேய்க்கக் கூடாது. பறவை எச்சத்துக்கும் இதே விதிதான்.

குடிநீருக்காக நாள்களை எண்ணிக் காத்திருந்து பழகிய ஊர் இது. குழாயைத் திறந்துவிட்டு நாள்தோறும் கார் கழுவுவது ஊருக்கும் கேடு, காருக்கும் கேடு. இரு வாரங்களுக்கு ஒருமுறை, அளவான நீரில், முறையாகக் கழுவினால் போதும். கருப்புக் காரைப் பொறுத்தவரை சிக்கனமே சிறந்த பராமரிப்பு.